நூரக்கா போட்ட கோடு

இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதுதான் மரியாதை என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். நூரக்காவைப் பற்றி அப்படி எழுதலாம், கஷ்டமே இல்லை. ஆனால் எங்கள் தெருவைப் பற்றி அப்படி ஒரு வரிகூட எழுத முடியாது. ஆகவே நடந்ததையெல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். அம்மா படித்தால் திட்டுவாள். திட்டட்டும்.

செய்தி காலையில் பால்காரரோடு வந்தது. அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "பாத்திரக்கடை பாய் பொண்ணு போயிடுச்சாம்மா. மஞ்சக் காமாலை முத்திப்போச்சாம்" என்றார். அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் வாசலில் பாதிக் கோலம் நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நூரக்காவின் முழுப்பெயர் நூர்ஜஹான். வயது முப்பதுகூட ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு காஞ்சிபுரத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். தினமும் பஸ்ஸில் போய்வருவார். இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டார், ஓடைக்கு வருவார்.

ஓடை என்று நாங்கள் சொல்வது ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் இருந்து ஊருக்குள் வரும் வாய்க்காலை. எங்கள் தெருவில் ஒரு பக்கம்தான் வீடுகள், எதிர்ப்பக்கம் முழுக்க ஓடை. கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் தெருவைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஓட்டல் கழிவு, கோழிக்கடைக் கழிவு, பிளாஸ்டிக் பை எல்லாம் அதில்தான். பெருமழை வந்தால் அதே தண்ணீர் எங்கள் அடுப்படிவரை வரும்.

பேரூராட்சி ஓடையைத் தூர்வாரப் போவதாகச் சொன்னபோது நூரக்கா தானே ஒரு வரைபடம் போட்டு எடுத்துப் போனார். பழைய அகலத்துக்குத் தோண்ட வேண்டும், சரிவான மண்கரை வேண்டும், கரையில் கோரையும் நாணலும் நட வேண்டும், மேலே நொச்சி. "சிமென்ட் போட்டா அது சாக்கடை. புல் இருந்தாத்தான் ஓடை" என்பார். பொறியாளர் பார்த்துவிட்டு, தெருக்காரர்கள் எல்லையை ஒத்துக்கொண்டால் அப்படியே செய்யலாம் என்றார். நூரக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

பழைய கரையை அவர் சேற்றுக்குள் கடப்பாரை விட்டுத் தேடினார். எங்கள் வாசலுக்கு மிக அருகிலேயே கரைக்கற்கள் வரிசையாகத் தட்டுப்பட்டன. அந்த வரிசையில் முளைக்குச்சி அடித்தார். மறுநாள் ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. மற்றவை அடுப்புக்குப் போயிருந்தன. பிறகு சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். விடியற்காலையில் எங்கள் பெண்கள் சாணி தெளித்துக் கூட்டினார்கள். கோடு போய்விட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. வாசல் என்றால் காலையில் தெளிக்கத்தானே வேண்டும்.

நூரக்கா கோபப்படவில்லை. ஒரு மூட்டைக் கோலமாவு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். "தினமும் கோலம் போடறப்போ அப்படியே இந்தக் கோட்டையும் போட்டுடுங்கக்கா."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னா நூரு, உங்க வூட்ல கோலமே கெடையாது. நீ எங்களுக்குக் கோலம் கத்துக்குடுக்க வந்துட்டியா?"

"கோலம் உங்களுதுக்கா. கோடு மட்டும்தான் என்னுது."

"கோணலா போட்டா கோச்சிக்காத. எங்க மாமியாரே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதே அக்கா!"

தெருவே சிரித்தது. மறுநாள் முதல் தெருநீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பார்க்க அவ்வளவு அழகு. நூரக்கா பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

சில வாரங்கள் கழித்து, பொறியாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், நூரக்கா டேப்பை எடுத்துவந்தார். மறுமுனையைப் பிடித்தது நான்தான். அளந்துகொண்டே வந்தவர் கன்னியம்மா அக்கா வாசலில் நின்றுவிட்டார். கோடு துவைக்கிற கல்லைத் தாண்டி ஓடைப்பக்கம் போயிருந்தது. எங்கள் வாசலில் அப்பாவின் சைக்கிள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. எல்லா வாசலிலும் அப்படியே. கரைக்கல் எங்கோ பின்னால், சாணி மெழுகிய தரைக்கு அடியில் இருந்தது.

"ஏம்மா இப்படிப் போட்ட?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"கன்னியம்மா கோடு முன்னாடி கீது. என்னுது மட்டும் உள்ள தள்ளி இருந்தா பார்க்க நல்லாவா இருக்கும்?"

நூரக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "யாரும் திருடலை. ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை. ஓடை மொதல்ல போனதும் இப்படித்தான் போயிருக்கும்."

பொறியாளர் வந்தார். வளையாமல் நெளியாமல் ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். "எல்லாரும் ஒத்துக்கிட்ட எல்லைதானே?" என்றார். பெண்கள் ஒரே குரலில், "ஆமா சார்" என்றார்கள். அம்மாவும் சொன்னாள். நூரக்கா வாயைத் திறக்கவில்லை.

பொறியாளர் போனபிறகு, கரைக்கல்லைக் காட்டியிருக்கலாமே என்று நூரக்காவிடம் கேட்டேன். "காட்டியிருந்தா ஓடை கெடைச்சிருக்கும், தெரு ஜனம் போயிருக்கும். நாளைக்கு நாணலைப் பிடுங்கிப் போட்டா யார் காவல்? தோண்ட ஆரம்பிக்கறதுக்குள்ள ஒவ்வொரு வாசலா உக்காந்து பேசிக்கறேன்" என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு வாசலில்தான் பேசினார். அதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இயந்திரம் வந்து, கோலக்கோட்டை ஒட்டித் தோண்டிவிட்டுப் போனது. நட இடமில்லாததால் நாணல் நடவில்லை. கரை சிமென்ட்டில் வந்தது.

அவர் அடக்கமான மறுவாரம் ஐப்பசி மழை பிடித்தது. புது ஓடை ஒரே ராத்திரியில் நிரம்பித் தெருவுக்கு ஏறியது. காலையில் துவைக்கிற கல் தெரியவில்லை. அப்பாவின் சைக்கிள் பாதி மூழ்கியிருந்தது. தண்ணீர் எங்கள் படிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருந்தது. தெருநீளத்துக்கு ஒரே வரிசையாக நின்றிருந்தது. கன்னியம்மா அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நூரு போட்ட எடம்டி இது" என்றாள் அம்மாவிடம். 

தண்ணீர் வடிந்தபின் கன்னியம்மா அக்கா துவைக்கிற கல்லைப் பெயர்த்து வீட்டோரம் போட்டாள். வெள்ளம் மண்ணை அரித்ததில் கரைக்கல் வெளியே தெரிந்தது, அம்மா கோட்டை அதன் மேலேயே போடுகிறாள். இனி யாரும் அளக்க வரப்போவதில்லை. சிமென்ட் இறுகிவிட்டது. இருந்தாலும் தினமும் போடுகிறாள்.

அந்தக் கோட்டைத்தான் நூரக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்குக் கிளம்பும்போது குனிந்து, கரைக்கல்லின் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேன். ஒரு விரக்கடை தள்ளியிருந்தால் அம்மாவைக் கூப்பிடுகிறேன். அப்போதே யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்கலாம்.

இதை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். நூலகம் மூடுகிற நேரமாகிவிட்டது, விளக்குகளை அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.