முனியாண்டி மரத்தடியில் நான் இறங்காத நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள். பெடாஸ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். தோட்டத்திலேயே உயரமான இடத்தில் இருந்த, மலைக்காடு என்று நாங்கள் சொல்லும் ரப்பர் பகுதியில் அம்மா பால்மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் அம்மாவோடு போய்ப் பால் வடியும் மங்கு துடைப்பேன், காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் உரித்துச் சாக்கில் போடுவேன். பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். பாசமும்தான், ஆனால் உண்மைக் காரணம் அண்ணனின் சைக்கிள்.

அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் மவுண்டன் பைக்கை வீட்டில் விட்டுப் போயிருந்தார். நீல நிறம், பதினெட்டு கியர், கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் தடித்த டயர். தோட்டத்தில் அப்படி ஒரு சைக்கிள் அது ஒன்றுதான். மற்றவர்களுடையதெல்லாம் பின்னால் பால் டின் கட்டிய பழைய கறுப்புச் சைக்கிள்கள். "வாரத்துக்கு ஒருக்கா தொடச்சு வை. ஏறிடாத" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். துடைப்பதை மட்டும் நான் தவறாமல் செய்தேன்.

மலைக்காட்டுக்கு மேலே ரப்பர் முடிந்து பெரிய காடு தொடங்கிவிடும். ஒரு காலத்தில் பாலாக் லாரிகள் பெருமரங்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய தடம் அதற்குள் கிடந்தது. லாரிகள் நின்று பல வருடமாகி, தடத்தின் இரண்டு பக்கமும் செடி மூடி, நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு மண் மிச்சமிருந்தது. தோட்டத்து ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். பால் டின்னோடு போகிறவர்களுக்கு முக்கால் மணி நேரமாகும். இந்தத் தடமோ நேராகச் சரிந்து மலையடியில் அதே ரோட்டில் போய்ச் சேர்ந்துவிடும். பால் டின்னோடு அதில் போனால் பால் காட்டுக்குத்தான். அதனால் யாரும் போவதில்லை. எனக்கென்று கிடைத்த ராஜபாட்டை அது.

அந்த இறக்கத்தை எப்படிச் சொல்ல? மிதிக்கவே வேண்டாம். ஒரு மேடு தூக்கி அடுத்த வளைவின் கையில் கொடுக்கும், அந்த வளைவு சாய்த்து அடுத்த பள்ளத்தில் விடும். மெராந்தி மரங்கள் மேலே கூடி நிற்கும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். முகத்தில் குளிர்ந்த காற்று, மூக்கில் ஈர இலை வாசனை, எங்கோ தூரத்தில் குரங்குகளின் கூச்சல். வளைவுகளுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். ஜிலேபி வளைவு, வயிறு கலக்கிப் பள்ளம், அட்டைப் பாலம். அட்டைப் பாலம் என்பது ஓடைக்குக் குறுக்கே கிடந்த ஒற்றை மரம்தான். அதில் தயங்கி நின்றால் காலில் அட்டை ஏறிவிடும், ஆகவே தயங்கக் கூடாது. பொம்பளைப் பிள்ளை சைக்கிளில் வேகமாகப் போனாலே நாலு பேர் பேசும் தோட்டம் அது. காட்டுக்குள் பார்க்க ஆளில்லை. வாய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்குவேன். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் பிறகு நான் எதையும் செய்ததாக நினைவில்லை.

எல்லாம் முனியாண்டி மரம் வரைக்கும்தான்.

தடம் ரோட்டில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய ஆலமரம், அதன் அடியில் முனியாண்டி கல். மரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரோட்டோரம் இரண்டு வெள்ளைக் கற்கள் நட்டிருக்கும். எட்டு வைத்து எண்ணினால் இரண்டுக்கும் நடுவே நாற்பது எட்டு இருக்கலாம். அந்த நாற்பது எட்டும் யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள்கூட அங்கே உருட்டப்படும். தோட்டத்து வண்டி மட்டும் மெதுவாகி ஹாரன் அடித்துவிட்டுப் போகும். எங்கள் தோட்டத்தில் எழுதாத சட்டம் அது.

எனக்கு அது சித்திரவதை. காடு முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த வேகத்தை அங்கே கொண்டுபோய்ப் பலி கொடுக்க வேண்டும். இறங்காமல் விட்டால் பால் ஸ்டோர் வரைக்கும் மிதிக்காமலே போய்விடலாம். ஒருநாள் ஒரு காலை மட்டும் தரையில் உரசிக்கொண்டு, இறங்கியும் இறங்காமலும் நழுவினேன். மரத்துக்குப் பின்னாலிருந்து பூசாரி வெளியே வந்தார்.

பூசாரி என்றால் முழுநேரப் பூசாரி இல்லை. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவர், நாற்பது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதும் ஆட்களை அதட்டுவதும் அவர் பொறுப்பு. "ரெண்டு காலும் மண்ணுல படணும் புள்ள! சாமிகிட்டயே போங்கு அடிக்கிறியா?" என்று ஆரம்பித்தவர் அதோடு விடவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், அத்தனை பேர் நடுவில், அம்மாவிடம் சொன்னார். நான்கு வெள்ளிக்கிழமை மரத்தடியைக் கூட்டிப் பெருக்க வைத்தார். அண்ணனுக்குக் கடிதம் போடுவேன் என்றும் மிரட்டினார். முகத்துக்கு நேரே மாமா என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அந்த நாளுக்கு வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. காலை ஒன்பது மணி இருக்கும். காட்டோரமாக இருந்த மரத்தில் உயரமாக வெட்டுவதற்குப் பூசாரி ஏணியைச் சாய்த்திருக்கிறார். ஏணியின் தலை கிளையில் இருந்த குளவிக் கூட்டில் இடித்துவிட்டது. அலறல் கேட்டு நாங்கள் ஓடினோம். அம்மாவும் பூசாரியின் மனைவியும் ஈரச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு போய் அவரைத் தரதரவென்று இழுத்து வந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டன, உதடு தடித்துவிட்டது. அதையெல்லாம்விட அந்த மூச்சுதான் பயமாக இருந்தது. விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி விசில்.

மண்டோர் வேறு ரப்பர் காட்டுக்குப் போயிருந்தார். பால் லாரி வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம். மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரும் ஊசியும் கீழே தோட்டத்து ஆஸ்பத்திரியில். பூசாரியின் மனைவி என் கையைப் பிடித்தார். "ஓடு புள்ள, ஓடு" என்றார்.

அம்மா ரோட்டைக் காட்டினார். நான் சைக்கிளைக் காட்டுப் பக்கம் திருப்பினேன். "எங்கடி போற?" என்று கத்தினார். ஏறி மிதித்தேன். காட்டுத் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்த பல மாதத் திருட்டு அம்மாவின் கண் முன்னாலேயே அம்பலமானது.

அதே தடம்தான், ஆனால் அன்று அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மழையில் வேரெல்லாம் வழுக்கின. ஜிலேபி வளைவில் பின் டயர் சறுக்கி, சைக்கிள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று விழுந்தோம். முழங்கையில் சதை பிய்ந்து ரத்தம் ஓடியது. எழுந்து ஏறினேன். வயிறு கலக்கிப் பள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். காதுக்குள் அந்த விசில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றுவிடுமோ, நின்றுவிடுமோ என்று ஓடையைத் தாண்டி, கடைசிச் சரிவில் விழுந்து, ரோட்டில் வந்து குதித்தேன்.

எதிரே வெள்ளைக் கல்.

பிரேக் பிடிக்கவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடித்தது. விரல் பிரேக் மேல்தான் இருந்தது. இறங்கலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். நாற்பது எட்டு தள்ளிக்கொண்டு போக ஆகிற நேரத்தில் அந்த மூச்சு நின்றுவிட்டால்? "முனியாண்டி, அப்புறம் வரேன்!" என்று கத்திக்கொண்டே இரண்டு கல்லையும் ஒரே ஓட்டத்தில் தாண்டிவிட்டேன்.

டிரஸ்ஸர் பசியாறிக்கொண்டிருந்தார். நான் நின்ற கோலத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊசி மருந்தோடு தோட்டத்து வண்டியில் ரோடு வழியாக மேலே போனோம். மலைக்காட்டிலேயே ஊசி போட்டு, அப்படியே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மலையிலிருந்து பிணத்தைத்தான் இறக்கியிருக்க வேண்டும் என்று டிரஸ்ஸர் பிறகு அம்மாவிடம் சொன்னாராம்.

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அம்மா திட்டவேண்டியதைக்கூடத் திட்டாமல் விட்டார். எனக்கோ சோறு இறங்கவில்லை. தாண்டியது தாண்டியதுதானே. அந்தக் குற்றத்துக்கு முனியாண்டி பூசாரியை எடுத்துக்கொள்வாரோ, அண்ணனை எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து செத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. "மரத்துகிட்ட இறங்குனியா?" என்று அம்மா கேட்டபோது இறங்கினேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பூசாரி திரும்பி வந்தார். வீக்கமெல்லாம் வற்றி, ஆளே பாதியாகி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பழத்தை என் கையில் கொடுத்தார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார்.

"இறங்கினேன் மாமா."

"சரி லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரத் தொடங்கினார். காலையில் எல்லோரும் மரத்தடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோம். பூசாரியும் தள்ளிக்கொண்டு மேல் கல் வரைக்கும் போவார். அங்கே சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கீழ்க் கல்லுக்கு இறங்கி வந்து, வெறுங்கையோடு மறுபடி ஒருமுறை நடப்பார். தினமும் இப்படி இரண்டு நடை. குளவி விஷம் மண்டைக்கு ஏறிவிட்டது என்று ஆட்கள் கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் ஒட்டுப்பால் சாக்கைத் தைத்துக்கொண்டே அவர் மனைவி என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அன்று புருஷனோடு வண்டியில் இறங்கும்போது, மரத்தடியில் வண்டி மெதுவானதும் வெளியே பார்த்திருக்கிறார். மழையில் ஊறிய செம்மண்ணில், ரோட்டோரமாக, கட்டை கட்டையாக ஒரு டயர் தடம். மேல் கல்லிலிருந்து கீழ்க் கல் வரைக்கும் வளையாமல் நெளியாமல் போயிருக்கிறது. பக்கத்தில் காலடி ஒன்றுகூட இல்லை. அந்த டயர் தோட்டத்தில் யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மட்டும் அன்று சாயங்காலமே திரும்பியபோது, பரபரப்பில் யாரும் கவனிக்காமல் விட்டிருந்த அந்தத் தடத்தைக் காலாலேயே அழித்திருக்கிறார். புருஷனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் வாழைப்பழத்தோடு வந்து நின்ற அன்றே பூசாரிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே "சரி" என்றார். வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசிவிட்டது. அன்று வேலை முடியும்வரை காத்திருந்து, அவர் மங்கு கவிழ்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"மாமா, நான் அன்னிக்கு இறங்கல."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் புள்ள. எனக்காகத்தான தாண்டுன? அப்ப நான்தான இறங்கணும்" என்றார். அடுத்த மங்கைக் கவிழ்த்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. "அதுக்காகத் தெனமும் தாண்டலாம்னு நெனக்காத. கால ஒடச்சிருவேன்!"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எந்த மனிதர் அந்த நாற்பது எட்டுக்காக என்னை நான்கு வெள்ளிக்கிழமை பெருக்க வைத்தாரோ, அவரேதான் எனக்காகத் தினமும் அதை நடந்துகொண்டிருந்தார். ஒரு நாளில் தீர்ந்துபோகிற விஷயமாக அவர் அதை நினைக்கவில்லை. நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்வரை அவர் அந்த இரண்டாவது நடையை நிறுத்தி நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாங்கள் சிரம்பானுக்கு வந்தோம், பூசாரி குடும்பம் ரந்தாவ் பக்கம் போனது. அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது, போய் முகம் பார்க்க முடியவில்லை. அண்ணனின் சைக்கிள் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயிற்று. காட்டுத் தடம் இப்போது இருந்த இடமே தெரியாது. ஆலமரத்தின் மேல் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. ரோட்டுக்குத் தார் போட்டு, மரத்தடியில் சின்னதாக ஒரு கூரையும் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கற்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. மகன்தான் கார் ஓட்டினான். மேல் கல் அருகே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழ்க் கல் வரைக்கும் நடந்தேன். திரும்பி மேலே வந்து மறுபடி ஒருமுறை நடந்தேன். மகன் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். "ஏன்மா ரெண்டு தடவ?" என்று கேட்டான். முதலாவது எனக்கு என்றேன். இரண்டாவது பூசாரி மாமாவுக்கு என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுக்க மேல் கல்லுக்கு நடந்தேன்.

முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த நாளை நினைக்கும்போது என் கை அதைத் தடவுவதில்லை, கால்தான் தரையைத் தேடுகிறது. ஏனென்றால் எனக்காக ஒரு மனிதர் தினமும் நடந்த அந்த நாற்பது எட்டை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை.