சாமி வண்டியும் சக்கர வெண்ணெயும்

1. புகை

"தம்பி, ரதத்த இழுத்துப் பாத்தா சக்கரத்துல புகை வருதுலா. திருவிழாவுக்கு ஒரு வாரந்தான் இருக்கு!"

போன வருஷம் போனில் பதறியவர் சரோஜா அக்கா. கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலின் செயலாளர். நான் ஈப்போ, புந்தோங்கில் டிரெய்லர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்தவன். பழைய ராணுவ வண்டி என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்த ரதமே ஒரு பிரிட்டிஷ் ராணுவ டிரெய்லர் மேல்தான் நிற்கிறது என்றதும் ஸ்பானர் பையோடு கிளம்பிவிட்டேன்.

இடது சக்கரம் ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? ரதம் எப்போதும் வலமாகத்தான் சுற்றும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் இடது பக்கம் சாயும். உள்ளே தேய்ந்துபோன பேரிங் உடைந்தால் சக்கரம் கழன்று, ரதம் கூட்டத்தின் மேலேயே சரியும்.

2. நம்பர் எங்கே?

பேரிங் வாங்க வேண்டுமானால் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், எந்த வண்டியுடையது என்று தெரிய வேண்டும். அதற்கு ஹப்பில் வார்த்திருக்கும் நம்பர் வேண்டும். தேடினால் சந்தனம். அதன் கீழே குங்குமம். அதன் கீழே மறுபடியும் சந்தனம். திருவிழாவுக்குத் திருவிழா பூசியிருக்கிறார்கள், ஒருவரும் கழுவவில்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்தேன்.

"ஐயோ, அத கீழ வை! சாமிக்கு வெச்ச சந்தனத்த இரும்பால சொரண்டுவியா?"

"நம்பர் பாக்கணும்லா அக்கா!"

"மஞ்சத் தண்ணி தாரேன். கையால தேய்."

காலை முழுதும் தேய்த்தேன். நகமெல்லாம் மஞ்சள். கடைசியில் நம்பர் தெரிந்தது: பழைய பிரிட்டிஷ் ஜீப்பின் ஹப். ஈப்போ பேரிங் கடைக்குப் படம் அனுப்பினேன்.

"என்னா வண்டி இது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"சாமி வண்டிண்ணே."

"சாமிக்குன்னு தனி பேரிங் கிடையாது தம்பி. ஜீப்புதான் இருக்கு, வா."

3. கெமுக்

ஹப்பைக் கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை. கருகிய நல்லெண்ணெய் தார் மாதிரி ஒட்டியிருந்தது. பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"கிரீஸ் எங்கக்கா?"

"சாமி வண்டிக்கு அதெல்லாம் போட மாட்டோம். கிரீஸ் டின்ல என்னா எழுதியிருக்கான்? மின்யாக் கெமுக். மின்யாக்னா எண்ணெய், கெமுக்னா கொழுப்பு. எந்த மாட்டுக் கொழுப்போ!"

எனக்குத் தலை சுற்றியது. மலாய் மொழியில் கொழுப்புக்கும் அந்தச் சொல்தான், கிரீஸுக்கும் அந்தச் சொல்தான். அந்த ஒரு சொல்லுக்காக ராணுவ ஹப்பில் விளக்குக்கு ஊற்றுவது மாதிரி நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்!

"ரதத்த இழுக்குற டிராக்டருக்கு மட்டும் கிரீஸ் போடுறீங்களே?"

"டிராக்டர்ல சாமியா ஒக்காந்திருக்கு?"

வேறு வழியில்லாமல் கிரீஸ் விற்பவருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இந்த கிரீஸில் மாட்டுக் கொழுப்பு கிடையாது, பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ஆமணக்கெண்ணெய்ச் சரக்கும்தான் என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஆமணக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? ஆனா கெமுக்குங்கற பேரு கோயிலுக்குள்ள வேணாம். சக்கர வெண்ணெய்னு வெச்சுக்குவோம்."

எந்தப் பெயராவது வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். புது பேரிங்கில் கிரீஸை அழுத்தி நிரப்பி, சீல் மாற்றி, நட்டை இறுக்கிப் பிறகு கொஞ்சம் தளர்த்தினேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. திருவிழா அன்று இடது சக்கரத்தோடு வெறுங்காலில் நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

4. எறும்பு

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அக்காவே கூப்பிட்டார்.

"நீ அலைய வேணாம் தம்பி. பழசத் தொடச்சிட்டு நாங்களே புது சக்கர வெண்ணெய் அப்பிட்டோம்."

"எங்க வாங்குனீங்க?"

"சூப்பர் மார்க்கெட்லதான். உப்பு போடாதது."

மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனேன். டயர் மேல் ஏறி, சந்தனப் பொட்டைச் சுற்றிக்கொண்டு, ஹப்புக்குள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, மறுபடியும் கிரீஸ் அடைத்தேன். ரதம் ஒழுங்காகச் சுற்றி வந்தது. ஹப் நம்பரைத் தேட அரை நாள் செலவழித்த நான், கிரீஸின் பெயரை அரை நிமிஷத்தில் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பொருளின் பெயரும் ஒரு ஸ்பேர் பார்ட்தான். மாற்றிப் போட்டால் வண்டி ஓடாது.

இப்போது கோயில் அலமாரியில் ஒரு டின் இருக்கிறது. அதன் மேல் நானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "கிரீஸ். ஆமணக்கு சேர்த்தது. கொழுப்பு இல்லை. வெண்ணெயும் இல்லை."

அக்கா படித்துப் பார்த்தார். "கோவமா எழுதியிருக்க போல."

"ஆமாக்கா."