கொழுந்து பறிக்கக் கூடாத காடு

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் நானும் என் மனைவியும் ஊர் பார்க்க என்று எங்கேயும் போனதில்லை. தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. அவள் மலையில் கொழுந்தெடுத்தாள். அவள் நிற்கும் கடைசி நிரைக்கு அப்பால் அரசாங்கம் காக்கும் பெருங்காடு.

"தெனம் அது ஓரத்துல நிக்கிறேன். உள்ள என்னதாங்க இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நாட்டில் சண்டை ஓய்ந்து, சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த காலம். அடுத்த பௌர்ணமிக்கு வந்த போயா லீவில் பஸ் ஏறினோம். காட்டுக்குள் போகிற பாதை அடுத்த மலையில் இருந்தது.

வாசலில் சிங்களக் காவலர் ஒருவர். என் மனைவி பிறந்தது கொடகவெல பக்கம், சிங்கள ஊர்களுக்கு நடுவில். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நிமிஷத்தில் அவரை "அய்யே" என்று அண்ணனாக்கிவிட்டாள். அவரே வழிகாட்ட வந்தார்.

அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறினோம். அவள் வெறுங்காலோடு முன்னால் போனாள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல, குருவி பாக்குறேன்."

"எங்க, எனக்கும் காட்டுங்க."

காட்ட ஒரு குருவியும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

ஓடையைத் தாண்டியதும் சட்டென்று நின்றாள். எதிரே ஒரு மரம். வெள்ளைப் பூ, மஞ்சள் மகரந்தம். அண்ணாந்து பார்த்தவள் கிசுகிசுப்பாக, "இது தேயிலைங்க" என்றாள்.

எந்தக் காலத்திலோ யாரோ நட்டுக் கைவிட்ட தேயிலை. கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல், மூன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இடுப்பளவு செடியைக் குனிந்தே பார்த்துப் பழகியவள், அடிமரத்தைத் தடவினாள். பிறகு அவளையறியாமல் கை உயர்ந்தது. தாழ்ந்த கிளையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்குள் வந்துவிட்டன.

"நங்கி, கடன்ன எபா!" தங்கச்சி, பறிக்காதே என்று காவலர் கத்தினார். "இந்தக் காட்டில் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது."

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே வேரில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பதினாலு வயசுலருந்து எல்லாரும் பறி பறின்னு வெரட்டுனாங்க. பறிக்காதன்னு சொன்ன மொத ஆளு இவருதாங்க!"

அதைச் சிங்களத்தில் அவருக்கும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். மூன்று பேருமாக ஓடைக்கரையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தின்றோம். அவருக்குக் காரம் உறைத்தது, ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பத்து நிமிஷத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வளைவுகளில் தலை சரியாமல் இருக்க, வீடு வரும்வரை அசையாமல் இருந்தேன்.