முடி உதிராத டயர்

லிப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு விடியற்காலையில் எழுவதென்றால் எட்டிக்காயாகக் கசக்கும். அப்படிப்பட்டவரை எட்டு மாதமாக மலைச் சைக்கிளில் ஏற்றி மேட்டுக்கு விரட்டியது, அக்காவின் கணவர் அனுப்பும் ஒற்றை வரிதான். இருவரும் ஒரே கடையில் ஒரே நாளில் சைக்கிள் வாங்கியவர்கள். வீடுகள் ஊரின் இரு கோடியில் இருந்ததால் ஆளுக்கொரு மேடு. சரியாக ஐந்தரை மணிக்குப் போனில் வந்துவிடும்: "நான் கிளம்பிட்டேன் மாப்ள, நீ?" ஐம்பதைத் தாண்டிய மாமாவே கிளம்பிவிட்டாரே என்ற ரோஷத்தில், மழையிலும் முட்டி வலியிலும் இவர் மிதித்துத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை, காற்றடிக்கும் பம்பு இரவல் கேட்க அக்கா வீட்டுக்குப் போனார். பால்கனியில் மாமாவின் சைக்கிள் நின்றது, ஹேண்டில்பாரில் ஈரத் துண்டோடு. டயரைத் தடவிப் பார்த்தார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதில் ஒன்றுகூட உதிரவில்லை.

"அக்கா, மாமா இத எடுக்கறதே இல்லையா?"

"அதுவா? துணி காயப்போட நல்லா இருக்கு. அவரு அலாரம் அடிச்சதும் போன்ல எதையோ தட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குவாரு."

இவர் டயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எட்டு மாதமாக ஒரு தலையணையோடா போட்டி போட்டோம்! பம்பைக்கூடக் கேட்காமல் படியிறங்கிவிட்டார்.

மறுநாள் ஐந்தரைக்குப் போன் சிணுங்கியது. "இன்னைக்கு சீக்கிரமே கிளம்பி பாதி மேடு ஏறிட்டேன் மாப்ள. நீ எங்க இருக்க?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி அவர் தட்டினார்: "உங்களுக்குப் பக்கத்துலயேதான் மாமா."