பாபின் சுருக்கும் என் சந்தேகமும்

லேஸ் பின்னுகிறவளை ஊரே மெச்சும், அவள் பாபினுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது கட்டை கீழே விழுந்தால்தான் தெரியும்.

அந்த ஒருத்தி நான்தான். எழுபதுகளில் குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் நடந்த லேஸ் சென்டரில் எனக்கு அதுதான் வேலை. பாபின் என்றால் விரல் நீள மரக்கட்டை. அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, கடைசியில் ஒரு சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். ஒரே நூலின் இரண்டு முனைக்கும் இரண்டு கட்டை, அது ஒரு ஜோடி. பின்னுகிறவர்கள் திண்டில் ஊசி குத்தி இந்த ஜோடிகளைத் தொங்கவிட்டு, மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். சுருக்குச் சரியாக விழுந்தால் கட்டை பேசாமல் தொங்கும். இல்லையென்றால் நூலை மளமளவென்று விட்டுக்கொண்டு தரைக்குப் போய்விடும். ஒரே நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்து வயிறெரிந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம்தான். உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

மோந்து பார்த்தவர்

ஒருநாள் கோயமுத்தூரிலிருந்து காரில் ஒரு அம்மா வந்தார். மில்காரர் வீடு. மேஜை விரிப்பைக் கையில் எடுத்தார், புரட்டினார், மோந்துகூடப் பார்த்தார். மெஷின் லேஸை வாங்கிவைத்துக்கொண்டு கையால் பின்னியது என்று விற்கிறோமாம். எங்கள் ஸ்டெல்லா டீச்சர் நாகர்கோயில் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் காது சிவந்துவிடும். "கமலம், அம்மாவுக்குச் சுத்திக் காட்டு" என்றார்.

நானும் சுற்றினேன். அந்தம்மா என் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார். ஒருத்தர் நம்மைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தால், எடுக்காத பொருளைக்கூட எங்கே ஒளித்தோம் என்று தேடத் தோன்றும். சுருக்குப் போட்டு, இழுத்துப் பாருங்கள் என்று கட்டையை நீட்டினேன். இழுத்தார், அவிழவில்லை. டிரைவரிடம் திரும்பிச் சொன்னார்: "கட்டையெல்லாம் நெசந்தானுங்க. இந்தம்மா முழிக்கிற முழிதான் செரியில்லீங்க."

ஜன்னலோரத்து ஆள்

அதற்கப்புறம் நானே எல்லாரையும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று அவர் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தினமும் பதினோரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் வந்து நிற்பான். சால்வை போர்த்தி, கையில் சோற்றுத் தூக்கு. என் கையையே பார்ப்பான். ஏதோ லேஸ் ஏஜென்ட் அனுப்பிய ஆள், டிசைன் திருட வந்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவன் வந்தால் முந்தானையை இழுத்துக் கட்டையை மூடிக்கொள்வேன். மூடிக்கொண்டே சுற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். பத்தாம் நாள் பொறுக்காமல் வெளியே போய், "ஏனுங்க, உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டேவிட்டேன்.

பேர் போஜன். ஜெகதளா பக்கம் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர், படகர். எங்களிடம் பின்னுகிற தங்கச்சிக்குச் சோறு கொண்டு வருகிறானாம். தூக்கோடு இன்னொரு சாக்குப் பையும் வைத்திருந்தான். அதிலிருந்து ஒரு சின்னச் சக்கரத்தை எடுத்தான். கைப்பிடியைத் திருப்பினால் பாபின் தானாகச் சுழலும். கேட்காமலே என் மேஜை நடுவில் வைத்து திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்தான். ஒரு ஜோடி சுற்றுகிற நேரத்தில் நாலு ஜோடி சுற்றினேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் சொன்னான்: "நான் டிசைனைப் பாக்கலை அக்கா. நீங்க மணிக்கட்டை உதறிக்கிட்டே இருந்தீங்க, அதைத்தான் பாத்தேன்."

இடது கைக்காரி

வேலை வேகமானதும் டீச்சருக்கு ஆசை வந்துவிட்டது. நூல் சுற்ற இன்னொருத்தியைக் கொண்டு வந்தார். தவமணி. சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருப்பவள். வலது காலை லேசாக இழுத்து நடப்பாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வதாக டீச்சர் பேச்சு. ஒரு அறைக்கு இரண்டு பேர் எதற்கு? என் நாற்காலிக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சக்கரம் வேண்டாம் என்று கையாலேயே சுற்றினாள், அதுவும் இடது கையால். நான் சுற்றுகிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் நூல் ஏறியது. "இது நிக்காது கண்ணு, அவுந்துரும்" என்றேன். அவள் சுருக்கையும் எதிர்ப்பக்கமாகவே போட்டாள். இழுத்துப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. சுற்று எந்தப் பக்கமோ சுருக்கும் அந்தப் பக்கம் விழவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அது எனக்குத் தெரியாததா என்ன. தெரிந்ததை அவள் கையில் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

லயத்துப் பெண்கள் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போகிறார்களே, நீ ஏன் இங்கே வந்தாய் என்று குத்தலாகக் கேட்டேன். அவளுக்குக் குத்தல் புரிந்த மாதிரியே தெரியவில்லை. "கூடையோட மேட்டுல ஏற ஏலாதுங்க அக்கா, கால் நிக்காது. இங்கயும் இல்லைன்னா வேற எங்கயும் என் பேர் பதியமாட்டாங்க" என்றாள்.

அந்தப் பக்கம்

அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எப்படி வேலை செய்வது? மேஜை தேக்கு, நகராது. சக்கரம் அதோடு திருகியிருக்கிறது. அதனால் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய், அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கைப்பிடி இப்போது என் இடது கைப்பக்கம் வந்தது. இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது.

அந்த வாரம் ஒரு கல்யாண முக்காடு திண்டில் ஏறியிருந்தது. நாற்பது ஜோடி கட்டை. திங்கட்கிழமை ஒன்று விழுந்தது, செவ்வாய் மூன்று. விழுந்த கட்டையின் நூல் தரை ஈரத்தில் புரண்டு கறுத்துப்போனது. இரண்டு விரல் அகலம் பின்னியதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. போஜன் தங்கச்சி அழுதேவிட்டாள். இத்தனை வருஷத்தில் என் சுருக்கு அவிழ்ந்ததே இல்லை. இது யாரோ செய்கிற வேலை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

வியாழக்கிழமை டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், நான் சுற்றி வைத்த கட்டைகள் இருக்கும் தட்டுக்குள் தவமணியின் கை இருக்கிறது. என் கட்டை இரண்டு அவள் விரல் நடுவில். என்னைப் பார்த்ததும் டக்கென்று போட்டுவிட்டு முழித்தாள். நேரே டீச்சரிடம் போனேன். என் கட்டைகளை அவிழ்த்துவிட்டு என்னை வெளியே தள்ளப் பார்க்கிறாள் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு கமலம். உன் கண்ணால பாத்தேன்னு சொன்னா, நாளைக்கு அவளை வரவேண்டாம்னு சொல்லிருவேன்" என்றார்.

ஃபிட்டர் கேட்ட கேள்வி

நான் பார்த்தேன் என்று சொன்னேன். பார்த்தது உண்மைதானே. வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. நிம்மதியாக உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ஏழு கட்டை விழுந்தது.

இப்போது யாரைப் பிடிப்பது? நூல்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். மூடுபனியால் நூல் ஊறிவிட்டது என்றேன். கடைசியில் சக்கரத்தின் மேல் பழி போட்டு, சோற்றுத் தூக்கோடு வந்த போஜனை உள்ளே கூப்பிட்டேன். அவன் மேஜைக்குப் பழைய பக்கமாகக் குனிந்து ஒரு சுற்றுச் சுற்றினான். என் கட்டை ஒன்றை எடுத்து நூலைப் பிரித்துப் பார்த்தான். மறுபடி சுற்றினான். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஏனக்கா, நீங்க எப்ப இந்தப் பக்கம் மாறி உக்காந்தீங்க?"

லயத்து வாசலில்

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எப்போதும் போல முன்னால் தள்ளித்தான் சுற்றினேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்து தள்ளினால் சக்கரம் எதிர்த் திசையில்தான் ஓடும். நூல் தவமணி சுற்றுகிற மாதிரி ஏறியிருக்கிறது. விரல் மட்டும் பழைய புத்தியில் பழைய சுருக்கையே போட்டிருக்கிறது. நூல் ஈரத்தில் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, கட்டை தொங்கி ஆடினதும் வழுக்கியிருக்கிறது. அவளை வேவு பார்க்கப் போய் நானே என் கட்டைகளை அவிழ்த்திருக்கிறேன். திண்டில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விழாமல் நின்ற என் கட்டைகளில் எல்லாம் எதிர்ப்பக்கச் சுருக்கு இருந்தது. என் கை அதைப் போட்டதில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லயத்துக்குப் போனேன். தவமணியின் அம்மா நிலைப்படியை மறித்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்று முதல்நாள்தான் மகளை எஸ்டேட் ஆபீஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள், நொண்டி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

"என் கட்டையெல்லாம் நீதான சரி பண்ணிட்டு இருந்த? ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லலை?" என்றேன். தவமணி முறத்திலிருந்த அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தப்பா சுத்துறீங்கன்னு உங்ககிட்ட யாரு அக்கா சொல்றது? பயமா இருந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போறப்ப முடிஞ்ச வரைக்கும் சுருக்கை மாத்திப் போட்டேன். எல்லாத்தையும் மாத்த நேரம் பத்தலை."

வந்துவிடு, உன்னை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி டீச்சரிடம் நானே கேட்டுவிட்டேன் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலைப்படியை விட்டு விலகி நின்றாள். தவமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "வர்றேங்க அக்கா. ஆனா நீங்க என்னயப் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது."

அந்த அறையில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது, என்னைச் சந்தேகப்பட ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், நாள் தவறிப்போன முக்காடு அந்தக் கல்யாணத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.