டீச்சரம்மா அன்று சொன்னது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும், முக்கியமாக அக்காவின் பிள்ளைகளும், நான் இதுவரை சொல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஆற்காட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில். மழை பொய்த்த வருடம் நைனா எங்களைச் சித்தூருக்கு அழைத்துவந்து வெல்ல மண்டியில் மூட்டை தூக்கினார். தெருவில் தமிழ் போதும். தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெலுங்கு வேண்டும். நைனாவுக்கும் அம்மாவுக்கும் அது கடைசிவரை வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அக்காதான் அவர்களுக்காகப் பேசினார். அம்மாவின் வயிற்றுவலியைக்கூட டாக்டரிடம் அவர்தான் சொன்னார். எனக்கும் தெலுங்கு தெரியும். அழுக்கு வேட்டி கட்டிய நைனாவின் பக்கத்தில் நிற்கத்தான் வெட்கம்.

நான் பள்ளிக்கு மட்டம் போட்டதற்காகத் தலைமையாசிரியர் ஒருமுறை நைனாவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "கணக்குல கொஞ்சம் கவனம் வேணுமாம் நைனா" என்று முடித்துவிட்டார்.

அக்கா பத்தாவது முடித்ததும் அவருடைய டீச்சரம்மா வீட்டுக்கே வந்தார். தன்னைப் பற்றிய பேச்சைப் பெண்ணே சொல்வது முறையல்ல என்று நைனா என்னை அழைத்தார். அக்காவைத் திருப்பதிக் கல்லூரிக்கு அனுப்பும்படி தெலுங்கில் சொன்னார் டீச்சரம்மா. விடுதியில் இடம் வாங்கித் தருவது தம் பொறுப்பு என்றார்.

"இன்னாடா சொல்றாங்க?"

அக்கா போய்விட்டால் ஆபீஸ் ஆபீசாக நைனாவுடன் நான்தான் அலைய வேண்டும். "அக்காவுக்குப் படிப்பு ஏறலையாம் நைனா. இத்தோட நிறுத்திடலாமாம்" என்றேன்.

நைனா கைகூப்பி, தமக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல்லான "சரே"யைச் சொன்னார். சம்மதித்துவிட்டார் என்று டீச்சரம்மா சிரித்த முகத்தோடு விடைபெற்றார். கதவருகே நின்ற அக்கா இருவர் பேச்சையும் கேட்டார். என்னைப் பார்த்தார், அடுப்பு மூட்டப் போய்விட்டார். பிறகு டீச்சரம்மா விசாரித்தபோது, அக்கா தமக்கே இஷ்டமில்லை என்றாராம்.

மறுவருடம் புத்தூரில் கல்யாணம். மாமா சீக்கிரமே காலமாகிவிட, தையல் தைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார் அக்கா. நான் படித்து ஆசிரியரானேன். "உங்க அம்மாவுக்குப் படிப்பு ஏறலை" என்று அந்தப் பிள்ளைகளிடமே கேலி பேசியிருக்கிறேன். அக்காவும் கூடச் சிரிப்பார்.

கடைசி நாட்களில், திருப்பதி ஆஸ்பத்திரியில், அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. டாக்டர் என்னிடம் தெலுங்கில் மெல்லப் பேசிவிட்டுப் போனார்.

"இன்னாடா சொன்னாரு? இந்த தபாவாச்சும் உள்ளத சொல்லு."

அதிக நாள் இல்லை என்று சொன்னேன். அக்கா என் கையைத் தட்டினார். "வாத்தியாரு பாஸாயிட்டாரு" என்றார்.

அவரைப் பொறுமையோடு கவனித்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த புத்தூர்த் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

டீச்சரம்மா அன்று இன்னொன்றும் சொன்னார். நைனா அதைக் கேளாமலே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளே, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: "என் வகுப்பில் உங்கள் மகள்தான் முதல்."