பூட்டைப் பார்க்க வாங்கிய கேமரா

என் அக்காவின் கணவர் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பொத்தான்களை இழுத்துப் பார்க்கிறவர். சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையிலும் பொத்தானைப் பிடித்து இழுப்பார், தையலை விரித்துப் பார்ப்பார், காலரைத் திருப்பிப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் முத்திரை குத்துவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் முத்திரை குத்திய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கம்பெனியில் அவருக்கு 'இழுவை' என்று பெயர். பாராட்டாகவும் சொல்வார்கள், எரிச்சலாகவும் சொல்வார்கள்.

கம்பெனியில் அது திறமை, வீட்டில் அது வியாதி. மாமா வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுப்பார். இரண்டு மாடி இறங்கித் தெருமுனை வரை வருவார். அங்கே கால் நின்றுவிடும். "பூட்டினேனா?" என்பார். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. திரும்பி ஓடி, மாடியேறி, மறுபடி மூன்று தடவை இழுத்துவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பார். என் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று இப்படித்தான் ரயிலைத் தவறவிட்டார்கள். அக்கா மண்டபத்துக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பம் அதையும் ஒரு சிரிப்புக் கதையாக ஆக்கிக்கொண்டது. அக்கா மட்டும் அதற்குச் சிரித்ததே இல்லை. நானும் அதைக் கவனித்ததில்லை.

போன மாதம் எங்கள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அவள் இருப்பது வேறு ஊரில். துணி மடித்துக்கொண்டே அக்கா மாமாவிடம் சொன்னாளாம்: "நாலு நாள் போய் இருந்துட்டு வரணும். இந்தத் தடவ தெருமுனையில நீங்க திரும்பினா, நான் திரும்ப மாட்டேன். அப்படியே போயிடுவேன். அது நாலு நாளோட முடியாது."

மாமா எனக்கு போன் செய்தார். "மச்சான், உங்கக்கா சத்தம் போடாம சொன்னா."

சத்தம் போட்டிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். கேமரா யோசனை அவருடையதுதான். தெருமுனையில் நின்று போனிலேயே பூட்டைப் பார்த்துவிட்டால் திரும்பி ஓட வேண்டாமல்லவா? நான் கணக்கு வாத்தியார். கணக்கு தெரிந்தவனுக்குக் கம்பியில்லாத சாமான்களும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

கடையில் இருந்த பெண்ணுக்குப் பொறுமை அதிகம். வாசலில் பிளக் பாயிண்ட் இல்லை, சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றதும், பேட்டரியில் ஓடும் கேமரா ஒன்றை எடுத்து வைத்தாள். யாராவது அசைந்தால் தானே விழித்துப் படம் பிடிக்கும், மற்ற நேரம் தூங்கும், சத்தமும் பதியும், எல்லாம் உள்ளே இருக்கும் மெமரி கார்டில் சேரும் என்றாள்.

"சார்ஜ் எவ்வளவு நாள் நிக்கும்?"

"மூணு மாசம் வரும் சார். எப்பவாவது தொறந்து பாத்தா."

"எப்பவாவதுன்னா எத்தனை தடவ?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருந்தது. "நீங்க தொறக்கும்போதெல்லாம் அது முழிக்கணும் சார். பழைய பதிவைப் பாத்தாலும் முழிச்சுத்தான் காட்டும். முழிக்க முழிக்க சார்ஜ் இறங்கும்" என்றாள். மாமா தலையாட்டிவிட்டு, ஒரே மாதிரி மூன்று பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி, மூன்று கேமராக்களின் தாங்கியையும் இழுத்துப் பார்த்தார். மூன்றாவதை வாங்கினோம்.

மாட்டுகிற வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. போன் திரையில் வரும் கியூஆர் கட்டத்தைக் கேமராவின் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டும். காட்டினோம். 'இணைக்க முடியவில்லை' என்றது. நான்கு தடவை அழித்து நான்கு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தோம். மாமா குட்டி போட்ட பூனை மாதிரி ரௌட்டருக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர்கள் வீட்டு வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது, கேமராவுக்கு அதில் மெதுவானதுதான் ஆகும், போனோ வேகமானதில் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு ஐந்தாம் தடவைதான் உறைத்தது. மாற்றியதும் கேமரா பச்சை விளக்கைக் காட்டியது. பிறகு கோணம். எதிர்வீட்டார் செருப்பு படத்தில் விழக்கூடாது, பூட்டின் கொக்கி தெரிய வேண்டும். ஸ்டூலில் ஏறி இறங்கி ஏறி, கடைசியில் கதவும் பூட்டும் மாடிப்படியின் மேல் மூன்று படிகளும் படத்தில் நின்றன. என் போனிலும் அதை இணைக்கச் சொன்னார். "எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ பூட்டைப் பாத்துக்கணும்."

ஒன்பதாம் நாள் கேமரா செத்துவிட்டது. கெட்டுப்போன கேமராவைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமா குதித்தார். போய்ப் பார்த்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஒரே நாளில் எழுபத்தோரு தடவை திறந்து பார்த்திருக்கிறார்.

அக்கா சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள்: "பாவம், அதுவும் என்னை மாதிரிதான். பாத்துப் பாத்தே தீத்துட்டாரு."

நாங்கள் சிரித்தோம். சார்ஜ் ஏற்றி மறுபடி மாட்டினோம்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மதிய இடைவேளையில் கம்பெனிக்கு வரச் சொன்னார். சைக்கிள் கொட்டகைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மடியில் செக்கர் நோட்டு.

"மச்சான், உங்கக்காவுக்கு நெஞ்சு வலி ஏதாவது இருக்கா? என்கிட்ட மறைக்கிறாளா?"

நோட்டைக் காட்டினார். அக்கா கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாள். மாலை ஐந்து நாற்பதுக்கு வீடு வருவாள். மாமா அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து உள்ளே இருப்பார். கேமரா பதிந்ததையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார், பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். திங்கள், ஐந்து நாற்பத்தொன்று: படியில் உட்கார்ந்தாள். ஐந்து ஐம்பத்து மூன்று: எழுந்தாள், மணி அடித்தாள். செவ்வாயும் அப்படியே. புதன் அவருக்கு ஓவர்டைம், வீட்டில் யாரும் இல்லை. அன்று பூட்டைத் திறந்து நேராக உள்ளே போய்விட்டாள். வியாழன் மறுபடி படி.

கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை.

"சத்தம் வெச்சுக் கேட்டீங்களா மாமா?"

"சத்தம் எதுக்கு? பூட்டு பேசுமா?"

வாங்கிய நாளிலிருந்து சத்தத்தை அடைத்தே வைத்திருந்தார். நான் ஏற்றினேன். சின்னத் திரையில் அக்கா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை. கதவைப் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல பையை முன்னாடிதான் வெச்சிருந்தேன். காலையில கேஸை மூடினேன், ரெண்டு தடவ பாத்தேன். பால்கனிக் கதவு சாத்தினேன். ஆஸ்பத்திரி சாவியைக் கையில குடுத்துட்டேன். குழாய்..." நிறுத்தினாள். கண்ணை மூடி யோசித்தாள். "குழாய் மூடினேன். மூடினேன்." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மணியை அடித்தாள்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே என் பிள்ளைகள் இப்படித்தான் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு வருடத்தில் மூன்று தடவை, அக்காவுக்குத் தினமும். இத்தனை நாள் நான் இதற்கா சிரித்தேன் என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

மாமா அதை மறுபடி ஓட்டினார். செவ்வாய்க்கிழமையை ஓட்டினார். வியாழனை ஓட்டினார். இடைவேளை முடிந்து மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை.

"எத்தனை வருஷமா மச்சான்?" என்றார். எனக்கு என்ன தெரியும்?

"அவகிட்ட சொல்லிடாத."

அன்று மாலை அக்கா போன் செய்தாள். குரலில் பதற்றம். "உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லடா. நான் வந்ததும் கேஸு, குழாய், சாவின்னு தினம் கேப்பாரே, இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. போனையே பாத்துட்டு உக்காந்திருக்காரு."

"நல்லாத்தான் இருக்காருக்கா. விடு" என்றேன்.

கிளம்புகிற நாள் காலையில் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பூட்டை மாமா அக்காவிடம் நீட்டினார். அவள் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு வாங்கிப் பூட்டினாள். மாமாவின் கை தானாகப் பூட்டை நோக்கிப் போனது. பாதியிலேயே அந்தக் கையை மடக்கி பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தெருமுனையில் கால் நின்றது. அக்கா நிற்கவில்லை, ஆனால் நடை தளர்ந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே மெல்ல நடந்தாள். மாமா போனை எடுத்தார். கேமரா தொடர்பில் இல்லை என்றது. என் போனிலும் அதேதான். அந்தப் படிக்கட்டுக் காட்சியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப ஓட்டியே மிச்சமிருந்த சார்ஜையும் தீர்த்திருக்கிறார்.

நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வலது பாதம் வீட்டுப் பக்கம் பாதி திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தார்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். வேகமாக நடந்து அக்காவை எட்டி, அவள் கையிலிருந்த பெரிய பையை வாங்கிக்கொண்டார்.

ரயில் நகர்ந்த பிறகு அக்காதான் கேட்டாள். "கேமராவுல பாத்தீங்களா? பூட்டு இருக்கா?"

"இருக்கு."

"நல்லா பாத்தீங்களா?"

"நீதானே பூட்டினே. இருக்கும்."

இருபத்திரண்டு வருடத்தில் இழுத்துப் பார்க்காமல் அவர் முத்திரை குத்தியது அந்த ஒன்றுக்குத்தான். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, போன் இருந்த பையை விரல்கள் தொட்டுத் தொட்டு மீண்டன. அக்கா சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு மடியில் அணைத்துப் பிடித்திருந்த கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்து, இறங்கும் ஊர் வரும்வரை தூங்கினாள்.